களை பறிக்கும் மீன்

பொங்கோல் முனைத் துறையில் மாலைதோறும் தூண்டிலிடுவோர் நிற்பர். அவர்கள் கண்முன் விரிவது ஜொகூர் நீரிணை. சேறு கலந்த அந்நீர் பவளம் செழிப்பதற்கு ஏற்றதன்று. சிங்கப்பூரின் பவளத் திட்டுகள் பெரும்பாலும் தென்புறத் தீவுகளைச் சுற்றியே அமைந்துள்ளன. அங்கே விரல் நீளமுள்ள சிறு மீன்கள் பல உண்டு. ஆங்கிலேயர் அவற்றிற்கு 'டாம்செல்', அதாவது இளநங்கை, என்று பெயரிட்டனர். பெயர்தான் நங்கை, குணமோ எல்லைகாக்கும் மறவனுடையது.

ஏறத்தாழ 400 இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில் சில உழவுத்தொழிலும் செய்வன என்றால் மாணவர் நகைக்கக்கூடும். ஆயினும் அது மெய்யே. ஜப்பானின் ஒக்கினாவாக் கடலில் வாழும் ஓரினம், திட்டில் சிறிது இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. தனக்கு எளிதில் செரிக்கும் மெல்லிய செம்பாசி ஒன்றை மட்டும் அங்கே வளரவிடுகிறது. வேறு பாசி தலைகாட்டினால் வாயால் கவ்விப் பிடுங்கி, எல்லைக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பிவிடுகிறது. மேய வரும் பெருமீன்களையும் எதிர்த்து விரட்டுகிறது. ஆய்வாளர் அம்மீனை அகற்றிப் பார்த்தபோது, காவலற்ற அத்தோட்டத்தைப் பிற மீன்கள் விரைவில் மேய்ந்து தீர்த்தன.

உழைத்துப் பண்படுத்தியவனுக்கே நிலம் என்பது உழவர் வழக்கு. அவ்வழக்கின்படி இம்மீனுக்கும் உரிமை உண்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் கரீபியக் கடலில் வாழும் அதன் உறவினம் ஒன்று, உயிருள்ள பவளத்தைக் கடித்துக் கொன்று, அவ்விடத்தில் பாசி வளர்க்கிறது. அப்பாறையைத் தன் உடலால் கட்டியது பவளமன்றோ? முதல் உழைப்பாளியின் வழக்கை யார் கேட்பது?

இவ்வினா மனிதனிடம் வரும்போதுதான் கடினமாகிறது. 1960களில் ஏறத்தாழ 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு, கடலைத் தூர்த்ததால் இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் பவளத் திட்டுகளில் 60 விழுக்காட்டிற்கும் மேல் மறைந்தன. இதனை வெறும் பேராசை என்று பழிப்பது எளிது, நேர்மையாகாது. மக்களுக்கு வீடு வேண்டும், துறைமுகம் வேண்டும். பொங்கோலிலேயே மீனவர் குடியிருப்புகளும் பன்றிப் பண்ணைகளும் இருந்த இடத்தில், 1996இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் வழியே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அவற்றில் உறங்கும் குழந்தையைக் குற்றவாளி என்பார் உண்டோ?

எனினும், 'மீனும் அதைத்தானே செய்கிறது' என்று அமைதி காண்பதற்கில்லை. மீன் தான் ஒருவனாய் நின்று காக்கக்கூடிய இடத்தையே கொள்கிறது. அதன் உடலே அதற்கு அளவுகோல். மனிதனுக்கோ அத்தகைய அளவுகோலை உடல் தரவில்லை. அவனே வகுத்துக்கொள்ள வேண்டும். மேலும், தான் கடித்த பவளத்தின் இழப்பை மீன் அறியாது. மனிதன் அறிவான். அறிந்தமையால்தான் 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி நாட்டின் முதல் கடற்பூங்கா அமைந்தது; 2024இல் 1,00,000 பவளங்களை நடும் திட்டமும் தொடங்கியது. அதற்குக் குறைந்தது பத்தாண்டுகள் ஆகுமாம். பாறைபோல் திரளும் பவள வகைகள் பலவும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வன.