காட்டில் ஒரு வீடு, மலையில் ஒரே சாலை



போன தீபாவளிக்கு மறுநாள் கலிபோர்னியாவிலிருந்து என் அத்தை போன் செய்தார். தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தாதியாகப் படித்து அமெரிக்கா போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமா இப்போது இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில். அத்தைக்கு வயது 71.

“தம்பி, நீ டவுன் பிளானிங் வேலைதானே பார்க்கிற? இங்க மலை மேல ஒரு வீடமைப்புத் திட்டம் வருது. 55 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும். சுத்தி பைன் மரக் காடு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சுற்றுச்சூழல் ரிப்போர்ட் ஒண்ணு வெளியிட்டிருக்காங்க, அனுப்புறேன். படிச்சிட்டு நல்லதா கெட்டதான்னு சொல்லு.”

அரை மணி நேர வேலை என்று நினைத்து, “சரி அத்தை” என்றேன். வந்தது பல நூறு பக்கம். மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்த பிறகு கட்டடக் கணக்கு எல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு கேள்விதான் மனதில் நின்றது. ஒருவர் தெரிந்தே ஆபத்தான இடத்தில் வாழ விரும்பினால், அது அவருடைய சொந்த விஷயமா?

முதலில் அந்த ரிப்போர்ட் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் 1970-இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய திட்டம் ஒன்றை அனுமதிக்கும் முன், அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுத வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மக்கள் எழுதி அனுப்பும் கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் பதிலும் எழுத வேண்டும். 2018-ஆம் ஆண்டுக் கடைசியில், அறிக்கை எழுதுபவர்கள் பார்க்க வேண்டிய கேள்விப் பட்டியலில் ‘காட்டுத்தீ’ என்று தனித் தலைப்பே சேர்க்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆபத்து இருந்தால் கட்டக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. குறைக்க முடியாத பாதிப்பு இருந்தாலும், இதைவிடப் பெரிய நன்மை இருக்கிறது என்று காரணம் எழுதி வைத்து மன்றம் அனுமதி கொடுக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டு முடிவெடு, அவ்வளவுதான் சட்டம் கேட்பது.

நம்மில் பலர் பாரடைஸ் என்ற ஊரின் பெயரைச் செய்தியில் கேட்டிருப்போம். கலிபோர்னியாவின் வடக்கில் மலைமுகட்டில் இருக்கிற ஊர். சுமார் 26,000 பேர் இருந்தார்கள். வீட்டு விலை குறைவு, காற்று நல்ல காற்று. அதனால் ஓய்வுபெற்றவர்கள் நிறைய பேர் அங்கே போய்க் குடியேறினார்கள். 2018 நவம்பர் 8 காலையில் மின்கம்பியிலிருந்து கிளம்பிய தீ, பலத்த காற்றில் சில மணி நேரத்தில் ஊரையே தின்றுவிட்டது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். சிலர் வீட்டிலேயே, சிலர் காரிலேயே.

அந்த ஊருக்கு வெளியேறும் திட்டம் இல்லாமல் இல்லை. பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். 2008-இலேயே ஒரு தீயின்போது சாலைகள் அடைத்துக்கொண்டன. இந்தச் சாலைகள் போதாது என்று அதன் பிறகு எச்சரிக்கையும் எழுதப்பட்டது. ஆக, தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு இடம் சாந்தா ரோசா. 1964-இல் அங்கே ஒரு பெரிய தீ மலையிலிருந்து இறங்கி வந்தது. அப்போது அந்தக் குன்றுகளில் வீடுகள் குறைவு, உயிர்ச்சேதம் இல்லை. பிறகு அதே குன்றுகளில் அழகான வீடுகள் வந்தன, முதியோர் இல்லங்களும் வந்தன. 2017 அக்டோபரில் கிட்டத்தட்ட அதே பாதையில் தீ மறுபடியும் வந்தது. 22 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், நடக்க முடியாதவர்களும் நினைவு தடுமாறியவர்களும் இருக்க, பணியாளர்கள் போய்விட்டார்கள். நள்ளிரவில் வந்து சேர்ந்த உறவினர்களும் மீட்புப் பணியாளர்களும்தான் அவர்களை வெளியே கொண்டு வந்தார்கள். அந்தக் கட்டடம் பிறகு எரிந்துபோனது. மனிதர்கள் ஐம்பது வருடத்தில் மறந்ததை நிலம் மறக்கவில்லை.

இப்போது அத்தை அனுப்பிய ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். திட்டம் இன்னும் முடிவாகவில்லை, அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். அதில் பொய் எதையும் நான் பார்க்கவில்லை. வீடுகள் தீப்பொறி புகாத மாதிரி கட்டப்படும், சுற்றிலும் புதர் வெட்டப்படும், தண்ணீர்த் தொட்டி வைக்கப்படும். எல்லாம் நல்ல விஷயங்கள்.

ஆனால் போக்குவரத்து அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. இங்கே வரப்போகிறவர்கள் வயதானவர்கள், காலையில் வேலைக்குப் போகமாட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடமாட்டார்கள், ஆகவே சாதாரண வீடுகளைவிட வாகனங்கள் குறைவு. இது எங்கள் தொழிலில் எல்லாரும் போடும் கணக்குதான், நானும் போட்டிருக்கிறேன். தவறும் இல்லை.

காட்டுத்தீ அத்தியாயத்துக்குப் போனேன். அங்கே அந்த வயதைக் காணோம்! உத்தரவு வந்தவுடன் எல்லாரும் காரில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள் என்ற மாதிரிதான் கணக்கு. இரவில் கார் ஓட்டாதவர்கள், காது மந்தமானவர்கள், ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு இருப்பவர்கள், படுக்கையிலிருந்து எழ இன்னொரு கை வேண்டியவர்கள், யாருமே அங்கே இல்லை. வயது ஒரு அத்தியாயத்தில் லாபமாக எண்ணப்பட்டது. அதே வயது செலவாக வரவேண்டிய அத்தியாயத்தில் மறைந்துவிட்டது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இங்க பாரு தம்பி, எனக்கு 71 ஆச்சு. ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் சாவைப் பார்த்தவ நான். அபார்ட்மெண்ட்ல நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டு பத்து வருஷம் இருக்கிறதைவிட, காட்டுல அஞ்சு வருஷம் இருந்தா போதும். நம்ம பெரியவங்களே வானப்பிரஸ்தம்னு சொல்லியிருக்காங்கல்ல? வயசானா காட்டுக்குப் போன்னு!”

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. வயதானவர் என்பதற்காக ஒருவரைக் குழந்தை மாதிரி நடத்துவது மரியாதை அல்ல. ஆபத்தே இல்லாத வாழ்க்கை என்று ஒன்றும் கிடையாது. அந்த மாநிலத்தில் வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு, முதியவர்களுக்கும் எங்காவது வீடு வேண்டுமே. போனை வைத்துவிட்டேன்.

ஆனால் வானப்பிரஸ்தம் என்ற சொல் என்னை விடவில்லை. சமய வகுப்பில் மகாபாரதம் படித்தவர்களுக்குப் போர் முடிந்தது வரை நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு வருவதை நாம் அதிகம் பேசுவதில்லை. போருக்குப் பல ஆண்டுகள் கழித்து திருதராஷ்டிரர், காந்தாரி, குந்தி மூவரும் காட்டுக்குப் போகிறார்கள். சஞ்சயனும் உடன் போகிறான். ஒருநாள் காட்டுத்தீ வருகிறது. விரதத்தால் மெலிந்த உடம்பு, அவர்களால் ஓட முடியவில்லை. மூவரும் கிழக்கு நோக்கி அமர்ந்து அந்தத் தீயிலேயே உயிர் விடுகிறார்கள். ஆமாம், வயதான காலத்தில் காட்டுக்குப் போய்க் காட்டுத்தீயில் இறந்தவர்கள் நம் இதிகாசத்திலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் என்னை நிறுத்தியது.

ஒன்று, தீ எங்கிருந்து வந்தது என்பது. அது அவர்களே வளர்த்த வேள்வித் தீ, காட்டில் விடப்பட்டு அதுவே பரவியது என்று நாரதர் தருமரிடம் சொல்கிறார். அதாவது காடு தானாக எரியவில்லை. காட்டுக்குப் போன மனிதர்கள் நெருப்பையும் கூடவே கொண்டு போனார்கள். இன்றைய கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத்தீக்களில் 84 விழுக்காடு மனிதர்களால் தொடங்கியவை. கலிபோர்னியாவின் லேக் கவுன்டியில் 16,000 ஏக்கரில் குவெனாக் பள்ளத்தாக்கு என்ற உல்லாசக் குடியிருப்புத் திட்டம் 2020-இல் அனுமதி பெற்றது. அது முதியோர் திட்டம் அல்ல, ஆனால் கேள்வி இதே கேள்விதான். வழக்கு நடந்தது, மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரும் அதில் சேர்ந்துகொண்டார். மக்கள் தப்பி வெளியேறுவது பற்றிய ஆய்வு போதாது என்று 2022-இல் நீதிமன்றம் அந்த அனுமதியைத் தள்ளியது. புதிதாக மனிதர்கள் வருவதாலேயே தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடுவதை அறிக்கை சரியாகச் சொல்லவில்லை என்று 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது.

இரண்டாவது விஷயம் சஞ்சயன். தீ நெருங்கியபோது திருதராஷ்டிரர் சஞ்சயனைப் பார்த்து, நீ போய்விடு என்கிறார். அவன் தப்பிக்கிறான். திருதராஷ்டிரர் வாழ்க்கையில் செய்த தவறுகள் எத்தனையோ. ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் ஒரு சரியான காரியம் செய்தார். தான் ஏற்றுக்கொண்ட ஆபத்தில் இன்னொருவனைச் சேர்க்கவில்லை.

அங்கேதான் அத்தைக்கான பதில் எனக்குக் கிடைத்தது. மறுபடியும் போன் போட்டேன்.

“அத்தை, நீங்க போறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா தீ வந்தா உங்களை எழுப்ப ராத்திரி டியூட்டி பார்க்கிற பொண்ணு வருவா. அவளை ‘நீ போ’ன்னு சொன்னாலும் போக முடியுமா? நீங்க தாதி, உங்களுக்கே தெரியும். தீயணைப்பு ஆளுங்க மேல ஏறி வரணும். மலையில இருக்கிறது ஒரே சாலை. கீழ் ஊர்ல முன்னாடியே குடியிருக்கிறவங்களும் அதே சாலையிலதான் இறங்கணும். உங்க சம்மதத்தை நீங்க கொடுக்கலாம். அவங்க சம்மதத்தை யாரு கொடுத்தா?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அந்த ராத்திரி டியூட்டி பொண்ணா நானே இருந்திருக்கேன்,” என்றார். பிறகு, “கீழ் ஊர்க்காரங்ககிட்ட யாராவது கேட்டாங்களா தம்பி?”

நண்பர்களே, நான் புரிந்துகொண்டது இதுதான். தன் உயிருக்கு ஒருவர் ஏற்கும் ஆபத்து வேறு, அந்த முடிவால் பிறர் தலையில் விழும் ஆபத்து வேறு. முதலாவதில் நாம் அன்போடு அறிவுரை சொல்லலாம், தடுக்க நமக்கு உரிமை குறைவு. இரண்டாவதில் யாருக்கும் தனி உரிமை கிடையாது. வாங்குபவருக்கும் இல்லை, கட்டுபவருக்கும் இல்லை, அனுமதிக்கும் மன்றத்துக்கும் இல்லை. அந்த இரண்டாவது ஆபத்தை வெளியே எடுத்துக் காட்டுவதற்குத்தான் சுற்றுச்சூழல் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வயதானவரின் நடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், எழுதிய ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தாலும் அறிக்கை உண்மை பேசவில்லை. பொய் சொல்லாமல் இருப்பது பாதி வாய்மைதான். கேட்பவருக்குத் தேவையானதைச் சொல்லாமல் விடாதது மீதிப் பாதி.

இது எனக்கே உறைத்தது. “வயதானவர்கள், வாகனம் குறைவு” என்று நானும் எழுதியவன் என்று சொன்னேனே. இப்போது அப்படி எழுத வேண்டி வந்தால், இதே ஆட்கள் அவசர நேரத்தில் எப்படி இறங்குவார்கள் என்று கூடவே ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கிறேன். மேலதிகாரி ஒருமுறை முகம் சுளித்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் பைன் காடு எரியாது, ஆனால் மலைச்சரிவு இறங்கும். 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் இறந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இங்கேயும் பெரிய திட்டங்கள் சிலவற்றின் சுற்றுச்சூழல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. நம் தாமான் பக்கத்தில் அப்படி ஒன்று வந்தால், நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? கோயில் திருவிழாவுக்கு ஐம்பது பேர் சேர்கிற இடத்தில், இதற்கு இரண்டு பேர் சேர்ந்தால்கூடப் போதும். பக்கம் முழுவதும் படிக்க வேண்டாம். யார் வரப்போகிறார்கள், அவசரத்தில் எந்த வழியாக வெளியேறுவார்கள், அந்த வழியை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்ற மூன்றை மட்டும் தேடிப் பாருங்கள். காணவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

அத்தை அப்படித்தான் செய்தார். ஒரு பக்கக் கடிதம். ஓய்வுபெற்ற தாதி என்று சொல்லி, நகர முடியாத ஒரு நோயாளியை மாடியிலிருந்து இறக்க எத்தனை பேர், எத்தனை நிமிடம் ஆகும் என்று தன் அனுபவத்திலிருந்து எழுதி, இதை உங்கள் கணக்கில் எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். கருத்து சொல்லும் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பிவிட்டார். சட்டப்படி அவர்கள் அதற்குப் பதில் எழுத வேண்டும்.

அந்த வீட்டை வாங்குவாரா என்று கேட்டேன். “பதில் வரட்டும் தம்பி, படிச்சிட்டுச் சொல்றேன்,” என்றார்.