பிள்ளைகள்மேல் எழுதும் கடன்

“உனக்காகத்தானே ஊரைவிட்டு வந்தோம்!” தில்லிக்கு மாற்றலாகி வந்த நாள்தொட்டு என் மகனிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்பென்று கருதியே சொன்னேன். அது கடன்சீட்டு என்பது பின்னரே விளங்கிற்று.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் தம்முயிரை மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். காரணம் ஒன்றன்று, மனநோய், தனிமை, வீட்டுப் பூசல் எனப் பல கூடுவன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொள்கிறது, தண்டிக்கலாகாது என்கிறது. நாமோ மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிறோம்.

தியாகத்துக்கு ஈடு கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டா? இல்லை என்பேன். புறப்படத் தீர்மானித்தவர் நாம், பிள்ளையைக் கேட்டோமில்லை. அலுவலகக் கூட்டுறவுச் சங்கக் கடனுக்குக்கூட இத்தனை தவணை என்று வரையறை உண்டு (எனக்கு இன்னும் பதினான்கு பாக்கி). இக்கடனுக்கோ முடிவே இல்லை.

சென்ற ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு மாதிரித் தேர்வில் தவறிய அன்று, “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்” என்றான் மகன். கோபப் பேச்சென்று நான் எழுந்துவிட்டேன். என் மனைவி அருகமர்ந்து, “செத்துப்போகணும்னு தோணுதாடா?” என்று நேராகவே கேட்டாள். கேட்டால் அவ்வெண்ணம் வேரூன்றிவிடும் என நான் நடுங்கினேன். அவ்வாறு ஆவதில்லை, கேட்பதே பாரத்தை இறக்கும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

அன்றிரவே 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசினோம். தமிழிலேயே பேச முடிந்தது. அவன் அழுது ஓய இரண்டு மணியாயிற்று. விடிந்ததும் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிவிட்டு, அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.