கலைஞனுக்குக் கலைஞனே புரவலன்

கலைஞனை ஆதரிப்பது யார் என்ற கேள்வி நம் நாட்டில் மிகப் பழைமையானது. அரசன் ஆதரித்தான், ஆலயம் ஆதரித்தது, பிற்காலத்தில் ஜமீன்தார்களும் சபாக்களும் ஆதரித்தார்கள் என்று சரித்திரம் சொல்லி நாம் முடித்துவிடுகிறோம். அந்தச் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. கலைஞனுக்குக் கலைஞனே கைகொடுத்த பகுதி அது.

அதைச் சங்க இலக்கியத்திலேயே காணலாம். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். முருகப் பெருமானிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்றை விட்டுவிட்டு மற்ற நான்கையும் பார்த்தால், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ பொருநனோ கூத்தனோ, பசியோடும் வாடிய சுற்றத்தோடும் எதிரே வரும் தன் இனத்தவனைக் கண்டு, போக வேண்டிய வழியையும், வழியிலுள்ள ஊர்களில் கிடைக்கும் உணவையும், அந்த வள்ளலின் குணத்தையும் ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லி, நீயும் போய்ப் பெற்றுக்கொள் என்று அனுப்பிவைப்பதே அவற்றின் அமைப்பாக இருக்கிறது. தான் பெற்ற இடத்தைப் பிறர் அறியாமல் மறைத்துக்கொள்வதே சாமர்த்தியம் என்று எண்ணப்படுகிற இக்காலத்தில், தன் ஜீவனத்துக்கு ஆதாரமான ரகசியத்தையே வழியில் கண்ட ஒருவனுக்குக் கொடுத்துவிடும் அந்த உள்ளம் நமக்குப் பேராச்சரியமாகத் தோன்றுகிறது. குமண வள்ளலிடம் பெற்று வந்த செல்வத்தை, இன்னாருக்கு என்று எண்ணாமலும் தம்மைக் கேட்டுக்கொண்டிராமலும் எல்லோருக்கும் கொடுக்கும்படி மனைவியிடம் சொன்ன பெருஞ்சித்திரனாரும் அந்த உள்ளம் படைத்த புலவரே.

இத்தகைய கொடைக்கு ஓர் இலக்கணமும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் வாழ்ந்த மக்களின் வழக்கங்களை ஆராய்ந்து 1925இல் வெளியிட்ட கட்டுரையில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிச் செய்தல் என்ற மூன்று கடமைகளால் ஒரு சமுதாயமே பிணைந்து நிற்பதை விளக்கினார். கொடைப் பொருளாதாரம் என்று இன்று பேசப்படுவதற்கு அக்கட்டுரையே பெரிதும் அடிப்படை. அம்மூன்றில் கூச்சமின்றி ஏற்பதே கலைஞனுக்கு மிகக் கடினமானது என்பது என் எண்ணம்.

இக்கடமைகளைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர்கள், சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் போதும். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை அரசினர் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், ஆர்வத்தோடு பயின்று வெளியேறும் தம் மாணவர்கள், ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவார் இல்லாத ஊரில் வயிற்றுப்பாட்டுக்காக வேறு உத்தியோகங்களைத் தேடிப் போய், நாளடைவில் தூரிகையையே மறந்துவிடும் நிலையைக் கண்டு மிகவும் வருந்தினார். அவரும் அந்த இளைஞர்களும் கூடிக் கண்ட உபாயம் மிக எளியது. ஓவியம் விலைபோகாவிட்டாலும் கைவினைப் பொருள் விலைபோகும். ஆகவே, துணியில் உருக்கிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்து, மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் உருவம் எழும்படி செய்கிற பாத்திக் வேலை முதலிய கைத்தொழில்களில் ஈடுபட்டு, கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, அப்பொருள்களை விற்று வந்த பணத்தைச் சேர்த்து, 1966ஆம் ஆண்டில் கடலோர மணற்பரப்பில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தில் தங்களுக்கென ஒரு கிராமத்தையே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்வது அதன் விவேகம். எல்லாம் எல்லோருக்கும் பொது என்று தொடங்கிய எத்தனையோ ஆசிரமங்கள் சில வருஷங்களிலேயே மனஸ்தாபத்தில் கலைந்திருக்கின்றன. இவர்களோ, வீடும் சிருஷ்டியும் அவரவருடையவை, கண்காட்சிக் கூடமும் பட்டறைகளும் நிர்வாகச் சிரமமும் எல்லோருக்கும் பொதுவானவை என்று வகுத்துக்கொண்டு, விற்பனையில் ஒரு பங்கைச் சங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஒருவன் கைவினையில் செலவிட்ட பொழுது மற்றொருவனுடைய ஓவியத்துக்கும் நிழலாயிற்று.

அந்த நிழலில் தங்கியவர்களுள் ராமானுஜம் என்ற ஓவியர் ஒருவர். மனநோயால் துன்புற்று, உலக வியவகாரத்தில் தமக்கென்று ஓரிடத்தைத் தேடிக்கொள்ள இயலாமல் இருந்த அவரை, பணிக்கர் முதலில் கலைப் பள்ளியிலும் பிறகு இந்தக் கிராமத்திலும் அரவணைத்து வரையச் செய்தார். விசித்திர மாளிகைகளும் நாகங்களும் தொப்பியணிந்த மனிதரும் கனவில் போலக் கூடி நிற்கும் நுட்பமான கோட்டோவியங்களை அவர் வரைந்து குவித்தார். அத்தனை ஆதரவும் அவருடைய துயரத்தை முற்றும் தீர்த்துவிடவில்லை. 1973இல் இளமையிலேயே அவர் மறைந்தார். வியாபாரக் கணக்கில் பார்த்தவர்களுக்கு, அவர் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம் என்று அன்று தோன்றியிருக்கலாம். பணிக்கரும் அவர் மாணவர்களும் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றி இன்று எழுதப் புகும் எவரும் ராமானுஜத்தின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. திருப்பிச் செய்தல் என்ற மூன்றாவது கடமையை அவர் இவ்விதம் நிறைவேற்றினார். அதற்குத் தவணை எதையும் யாரும் குறிக்கவில்லை.

பணிக்கர் 1977இல் காலமானார். அவருக்குப் பிறகும் கிராமம் நிலைத்திருக்கிறது. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் காக்கும் காட்சியகமும் 2009இல் அங்கே திறக்கப்பட்டது.

நேயர்களே, ஒரு கலைஞனுக்குக் கைகொடுப்பதற்கு 10 ஏக்கர் நிலம் வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்குமானால், சாதகம் செய்ய இடமின்றித் தவிக்கும் பக்கத்துத் தெரு மிருதங்க மாணவனுக்கு மாலை வேளையில் அதைத் திறந்துவிடுங்கள். உறையிட்டு வைத்திருக்கும் வீணையை வாசிக்கத் தெரிந்த ஒரு குழந்தையிடம் கொடுங்கள். நீங்களே ஒரு கலைஞராக இருப்பீர்களானால், நல்ல வர்ணம் மலிவாகக் கிடைக்கும் கடையையும், உங்கள் படைப்பை மதித்து வாங்கிய மனிதரின் முகவரியையும், இன்னும் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் சக கலைஞர் ஒருவருக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.