கடனும் எழுத்தும் கைப்பேசியும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது. ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம், தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்பின்றி எழுதிக் கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக் கொள்ளுமாறும் போதிக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? மச்சான் மனை வாங்குகிறார், பணம் குறைகிறது என்றதும் கைப்பேசியிலேயே அனுப்பி விடுகிறோம். "இன்ஷா அல்லாஹ், ரமளானுக்குள் தந்து விடுகிறேன்" என்று செய்தி வருகிறது. அதையே பத்திரமாக எண்ணி நிம்மதியாக இருக்கிறோம். எழுதித் தரக் கேட்டால், "நம்பிக்கையில்லையா?" என்று முகம் சுளிப்பவரும் உண்டு. எழுதச் சொன்னவன் அல்லாஹ்வாயிற்றே!

இந்தியச் சட்டத்தில், 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களை ஏற்றபோதும் புரோநோட்டை விலக்கியே வைத்தது. 2022 இல் அந்த விலக்கு தளர்ந்தது, யாருக்கு? ரிசர்வ் வங்கி, தேசிய வீட்டு வசதி வங்கி போன்றவற்றின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களின் பெயருக்கு எழுதும், கேட்டவுடன் செலுத்த வேண்டிய நோட்டுகளுக்கே. மச்சானுக்கும் நமக்கும் அந்தச் சலுகை இல்லை. கைப்பேசிச் செய்தியைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டலாம். அது புரோநோட்டு ஆகாது. காகிதத்தில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மீது கையெழுத்து வாங்குவதே முறை. ஸ்டாம்பில்லாத நோட்டைக் கோர்ட் ஏற்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வட்டி விகிதம் குறிப்பிடாத நோட்டுக்கும், செலுத்த வேண்டிய நாள் கடந்தால், 1881 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80 ஆவது பிரிவு ஆண்டுக்கு 18 சதவிகிதம் வட்டி கணக்கிடச் சொல்கிறது. கோர்ட்டே தீர்ப்பளித்தாலும் அசலுக்கு மேல் ஒரு காசும் நமக்கு ஹலாலாகாது.

அதே வசனம், கடன்படுபவரையே வாசகம் சொல்லச் சொல்கிறது. இன்றோ நிறுவனம் எழுதி வைத்ததைப் படிக்காமலே, கைப்பேசிக்கு வந்த எண்ணை அடித்துச் சம்மதித்து விடுகிறோம். வட்டியை உண்பவன், கொடுப்பவன், எழுதுபவன், சாட்சிகள் ஆகியோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிம் ஷரீபில் வந்துள்ளது. எழுதுவது இயந்திரம் என்பதால் கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் பாவம் குறைந்து விடுமா?

கடன் கொடுத்தவர் மௌத்தானால், பூட்டிய கைப்பேசியை வைத்துக் கொண்டு அவர் மனைவி மக்கள் தவிக்கின்றனர். கடன்பட்டவர் மௌத்தானாலோ, சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்கச் சொல்கிறது ஸூரத்துந் நிஸா. எவ்வளவு கடன் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தாலன்றோ தீர்ப்பார்கள்?

கேட்டவுடன் செலுத்த வேண்டிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகளே கெடு. அதற்குள் ஒரு பகுதியேனும் பெற்று, நோட்டின் பின்புறம் அதைக் குறித்துக் கடன்பட்டவரின் கையெழுத்தை வாங்கினால், அந்நாளிலிருந்து மேலும் 3 ஆண்டுகள் கிடைக்கும்.