வந்தியத்தேவனுக்கு எத்தனை முகம்?

தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் 2023 மார்ச் 17 அன்று பத்மாவதி தாயார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அந்த இடத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்குக் கொடுத்தவர் பழைய திரை நடிகை காஞ்சனா. சரியாக ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது. புதிய கோயிலில் வரிசையில் நின்றவர்கள், இந்தத் தாயார் திருச்சானூர்த் தாயாரைப் போல இல்லையே என்று குறைப்பட்டிருக்க மாட்டார்கள். திரையரங்கை விட்டு வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் அதே வகைக் குறையைத்தான் சொன்னார்கள். "என் குந்தவை இவ இல்லை", "மணிமேகலையை எங்க காணோம்?", "என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராது." மறு பாதிப்பேர், படம் பார்த்தாயிற்று, இனி ஐந்து பாகத்தையும் யார் படிப்பது என்று நிம்மதியடைந்தார்கள். உருவம் பற்றி இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒரு சமூகம் கதைக்கு உருவம் வரும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறது? கோயிலில் பழகிய அறிவைத் திரையரங்க வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறோம் என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். புத்தகப் பற்றாளரும் படப் பற்றாளரும் எதிரெதிர்க் கட்சிகளாகத் தெரிந்தாலும் செய்யும் பிழை ஒன்றே.

உருவமற்ற ஒன்றுக்கு உருவம் கொடுத்தால் அது குறைந்துபோகுமா என்பது தமிழ்ச் சமயச் சிந்தனைக்குப் பழைய கேள்வி. சைவம் அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்றையும் ஏற்றுக்கொண்டு, நடுவில் நிற்கும் லிங்கத்தைக் கருவறையில் வைத்தது. வைணவம் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. அடியார்கள் எதை விரும்பி நினைக்கிறார்களோ அந்த வடிவத்தையே இறைவன் ஏற்கிறான் என்பது பொய்கையாழ்வார் கொள்கை. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இதை நீரை வைத்து விளக்குகிறார். உள்ளத்தில் உறையும் இறைவன் நிலத்தடி நீர். வெட்டத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். வைகுந்தமும் பாற்கடலும் எட்டாத தூரத்து நீர். ராமனும் கண்ணனும் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. அந்தக் காலத்தில் கரையில் நின்றவர்கள் குடித்தார்கள். கோயிலில் நிற்கும் அர்ச்சை, ஆறு போன பிறகு அதில் தேங்கிய மடு. இப்போது தாகமெடுத்தவனுக்கு அதுதான் உதவும். மடுவில் இருப்பது ஆற்று நீர்தான், ஆகவே அது போலி ஆகாது. ஆற்று நீர் முழுவதும் மடுவில் இல்லை, ஆகவே அதோடு ஆறு தீர்ந்துபோவதும் இல்லை. வெங்கடநாராயணா சாலையில் இருக்கும் தேவஸ்தானக் கோயிலுக்குச் சனிக்கிழமை காலையில் போகிறவருக்கு இந்த இரண்டும் பாடமில்லாமலே தெரியும். கும்பிடும்போது அவர் திருமலையின் நகலைக் கும்பிடுவதாக நினைப்பதில்லை. அதற்காகத் திருமலைக்குப் போவதை விட்டுவிடுவதுமில்லை.

இதைக் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த கதை அது. புத்தகப் பற்றாளரின் வாதம் இப்படிப் போகும்: படிக்கும்போது ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வந்தியத்தேவனைப் படைத்துக்கொள்கிறார்கள், அது அவரவர் மனத்தின் சுதந்திரம், திரை வந்து கார்த்தியின் முகத்தை ஒட்டி அந்தச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதை எந்த நாளிலும் முகமில்லாமல் வந்ததில்லை. தொடர் வந்தபோதே ஓவியர் மணியத்தின் படங்களும் கூடவே வந்தன. குந்தவையின் உயர்ந்த கொண்டை, நந்தினியின் சாய்ந்த பார்வை, குதிரை மேல் வாணர் குலத்து இளைஞன் எல்லாம் வாசகர் மனத்துக்குள் போனது எழுத்து வழியாக மட்டுமல்ல, மணியத்தின் தூரிகை வழியாகவும்தான். மறுபடி தொடராக வந்தபோது வினு வரைந்தார், பின்னர் பத்மவாசன் வரைந்தார். 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் இதை நாடகமாகப் போட்டபோது இன்னொரு வரிசை முகங்கள் வந்தன. அந்த நாடகத்தை எழுதிய குமரவேல்தான் பிற்பாடு மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். தீனதயாளு தெரு வானதி பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் பதிப்பில் கதையைப் படித்துவிட்டு, "என் மனத்தில் இருந்த குந்தவை வேறு" என்று சொல்பவரின் மனத்தைச் சற்றுக் கிளறினால் அங்கே பெரும்பாலும் மணியத்தின் குந்தவைதான் இருப்பாள். அவர் உருவத்தை எதிர்க்கவில்லை. முதலில் பார்த்த உருவத்துக்காக இரண்டாவதாக வந்த உருவத்தை எதிர்க்கிறார்.

முகம் போகட்டும், கதையையே மாற்றிவிட்டார்களே என்பது அடுத்த மறுப்பு. மாற்றினார்கள்தான். மணிமேகலை படத்தில் இல்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற பெரிய திருப்பமும் இல்லை. ஆனால் மாற்றாமல் எடுத்துச் சொல்வதே பக்தி என்றால் நம் மரபில் யாரும் தேறமாட்டார்கள். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதைப் பொறுக்கவில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகவைத்தார். மதுரைச் சொக்கநாதரின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களைப் பெரும்பற்றப்புலியூர் நம்பி ஒரு விதமாகவும் பரஞ்சோதி முனிவர் வேறு விதமாகவும் பாடியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்து ஏ.பி. நாகராஜன் 1965இல் படமாக்கினார். நக்கீரர் வாதம் இன்று பெரும்பாலோருக்கு அந்தப் படத்தின் வசனமாகத்தான் தெரியும். எனவே மாற்றினார்களா என்று கேட்பதில் பயனில்லை. அந்த மாற்றம் கதையின் உயிரைத் தொட்டதா, நேரம் போதாமல் வெட்டியதா என்று கேட்க வேண்டும். மணிமேகலை போனது வெறும் வெட்டு, கதை ஏழையாகிவிட்டது. முடிவில் செய்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. புதினத்தில் அருள்மொழி மகுடத்தைச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். பூத்தொடுக்கும் சிவபக்தன், அரசைக் கனவிலும் கேட்காதவன். படத்திலோ, அரசுக்கு ஆசைப்பட்டுச் சதிக்குத் துணைபோன மதுராந்தகனுக்கே அது போகிறது. கேட்காதவனுக்குக் கொடுப்பது அழகு. கேட்டவனுக்கு, அதுவும் சூழ்ச்சி செய்து கேட்டவனுக்குக் கொடுப்பது அதைவிடக் கடினம். எனக்குப் புதினத்தின் முடிவுதான் பிடிக்கும். ஆனாலும் படத்தின் முடிவு துறவு பற்றிய அதே கேள்வியை இன்னொரு பக்கமிருந்து கேட்கிறது என்பதை மறுக்க முடியாது.

இதுவரை சொன்ன மறுப்புகள் எளியவை. உண்மையிலேயே பதில் சொல்லக் கடினமானது ஒன்று இருக்கிறது: உருவம் வருவது குற்றமில்லை, வந்த உருவம் போகமாட்டேன் என்கிறதே, அதற்கு என்ன செய்வது? 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' இதற்குச் சரியான சான்று. கே.பி. சுந்தராம்பாள் கோலூன்றிப் பாடிக்கொண்டு நடந்த அந்த ஒரு படம், தமிழ்நாட்டில் ஔவை என்றால் நெற்றி நிறையத் திருநீறணிந்த பாட்டி என்று ஆணியடித்துவிட்டது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற, தொண்டைமானிடம் தூது போன சங்கப் புலவர் ஒருவர் இருந்தார் என்றும், ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர் என்றும் ஆய்வாளர்கள் எத்தனை முறை சொன்னாலும் பள்ளி ஆண்டுவிழாவில் ஔவை வேடம் போடும் குழந்தை கையில் கோலோடுதான் வருகிறது. பாட்டி வடிவம் படத்துக்கு முன்பே கதைகளில் இருந்ததுதான்; ஆனால் மற்ற வடிவங்களுக்கு இடமில்லாமல் செய்தது படம். கட்டபொம்மன் கதையும் அப்படியே. 1959இல் சிவாஜி கணேசன் பேசிய பேச்சு வரலாற்று ஆவணம் போல ஒப்பிக்கப்படுகிறது. கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரும் அவரே. இதே தியாகராய நகரின் பசுல்லா சாலையில் என்.டி. ராமராவ் குடியிருந்த காலத்தில், திருமலைக்கு வந்த ஆந்திர யாத்திரிகர்கள் பேருந்துகளில் அவர் வீட்டு வாசலுக்கும் வந்து நின்றார்கள். 'மாயாபஜா'ரில் கண்ணனாகவும், 1960இல் வெளிவந்த ஒரு தெலுங்குப் படத்தில் வெங்கடேசுவரராகவும் நடித்தவர் அவர். மலையில் கண்டதை மண்ணில் இன்னொரு முறை காண வந்தார்கள் என்று இதை அன்போடு விளக்கலாம். அந்த அன்பு பிறகு வாக்காகவும் மாறியது. 1987இல் ராமானந்த சாகரின் 'ராமாயணம்' தூர்தர்ஷனில் தொடங்கியபோது பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டார்கள். அதில் சீதையாகவும் ராவணனாகவும் நடித்தவர்கள் இருவருமே பின்னர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். உருவம் கெட்டிப்பட்டால் அதைக் கையில் எடுக்க ஆள் வந்துவிடுவார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்த மறுப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஆனால் இதற்கு மருந்து உருவத்தை விலக்குவதில் இல்லை. உருவ வழிபாட்டுச் சமயங்களே இந்த ஆபத்தை நன்கு அறிந்து அதற்கு முறை வகுத்திருக்கின்றன. சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, கொழுக்கட்டை படைத்து, சில நாளில் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து, கருவறைத் தெய்வத்தின் ஆற்றலைக் கலசத்து நீர் வழியே அத்திப் பலகைக்கோ சித்திரத்துக்கோ மாற்றி, அதற்குப் பூசை செய்கிறார்கள். அந்தச் சில மாதம் தெய்வம் ஒரு பலகையில் இருக்கிறது, யாரும் மறுப்பதில்லை. காஞ்சி வரதராசர் கோயிலில் பழைய அத்திமரத் திருமேனி குளத்தடியில் கிடக்க, கல் திருமேனி மூலவராக வழிபடப்படுகிறது. 1979இலும் 2019இலும் அத்தி வரதர் வெளியே வந்தபோது மக்கள் கடலெனத் திரண்டார்கள். 2019இல் 48 நாள் முடிந்ததும் மறுபடி அவரை நீருக்குள் வைத்தார்கள். மூலமா, பின்னால் வந்ததா, எது உண்மை என்ற வழக்கு அங்கே எழவே இல்லை. இறுகப் பற்றுவதும் உரிய நேரத்தில் விட்டுவிடுவதும் சேர்ந்ததுதான் இந்த வழிபாட்டு முறை. திரை ரசிகருக்கும் தொடர்கதை வாசகருக்கும் இந்த இரண்டாவது பாதி இன்னும் கைவரவில்லை. ஒருவர் மணியத்தின் படத்தைக் கரைக்க மாட்டேன் என்கிறார், மற்றவர் கார்த்தியின் முகத்தைக் கரைக்க மாட்டேன் என்கிறார்.

குடமுழுக்குச் செய்த திருமேனியையும் டிக்கெட் விற்கும் படத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சமயப் பற்றுள்ளவர்கள் கோபிக்கக்கூடும். வைக்க முடியாதுதான், படத்துக்கு ஆகமமும் இல்லை, அது தன்னை வணங்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வேறுபாடு என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. மந்திரம் சொல்லி நிறுவிய உருவத்தையே மாற்றவும் கரைக்கவும் மனம் வரும் மக்களுக்கு, ஒரு நடிகரின் ஒப்பனையை விட்டுக்கொடுப்பது இன்னும் எளிதாக இருக்க வேண்டும். மறுபுறம், உருவம் எதுவானாலும் அடிமைத்தளைதான் என்ற தரப்பும் தமிழில் வலுவானது. அவர்களுக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். உருவத்தைக் கடந்து ஒளியை முன்வைத்த வள்ளலார்கூட வடலூரில் ஒரு சபை கட்டி, ஏழு திரைகளுக்குப் பின்னால் அந்தச் சோதியை வைத்தார். ராமாயணத்தை எதிர்க்கப் புறப்பட்ட எம்.ஆர். ராதா அதை மேடையில் நடித்துத்தான் எதிர்த்தார். உருவத்துக்குப் பதில் சொல்லவும் இன்னொரு உருவம் தேவைப்பட்டது.

கல்கியின் கதை வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. சில பக்கங்களுக்குள்ளேயே ஆழ்வார்க்கடியான் நம்பி எந்தத் தெய்வம் பெரியது என்று தடியும் கையுமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான். கல்கி அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறார். ஜெயராம் அந்த வேடத்தில் நடித்ததைப் பார்த்துத் திரையரங்கம் சிரித்ததும் அதே சிரிப்புதான். படம் மூலத்தோடு மிகவும் நெருங்கி வந்த இடங்களில் அது ஒன்று என்பேன். கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆகவே 'பொன்னியின் செல்வ'னை நாளை யார் வேண்டுமானாலும் மேடையிலோ திரையிலோ பொம்மலாட்டத்திலோ மறுபடி சொல்லலாம். மணிமேகலையை வைத்துக்கொள்ளலாம், நந்தினிக்கு வேறு முகம் கொடுக்கலாம். அப்படி ஒருவர் வரும்போது, பழைய முகம் எங்கே என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்காமல் உள்ளே போய் உட்காருங்கள்.