வேறு வழியில்லை என்ற சொல்

பெரும்போர் மூண்ட பிறகு ஆட்சியாளர்களிடம் காரணம் கேட்டால், வேறு வழியில்லாமல் போயிற்று என்பார்கள். 1914-இல் ஐரோப்பிய வல்லரசுகள் ஒவ்வொன்றும் இதையே சொல்லின. ஆஸ்திரியா தன் பேரரசைக் காக்கவும், ரஷ்யா செர்பியாவைக் காக்கவும், ஜெர்மனி தன் ஒரே பலமான கூட்டாளியைக் கைவிடாதிருக்கவும் இறங்கியதாகக் கூறிக்கொண்டன. எல்லோரும் தற்காத்துக்கொள்ளத்தான் போரிட்டார்கள் என்றால், சுமார் ஒரு கோடி படைவீரர்களின் சாவுக்கு யார்தான் பொறுப்பு?

ஜூலை 28 அன்று ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. மறுநாள் இரவு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தலைமைத் தந்தி நிலையத்தில், ரஷ்யாவின் முழுப்படைத் திரட்டல் ஆணையை அனுப்புவதற்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அப்போது ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மின் தந்தியைப் படித்த ஜார் நிக்கோலஸ், அந்த ஆணையை நிறுத்தச் சொன்னார். பகுதித் திரட்டல் போதும் என்றார். ஆணை நின்றது. அடுத்த நாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நெடுநேரம் வாதாடினார். ஜார் இணங்கினார், முழுத்திரட்டல் ஆணை புறப்பட்டது. தடுக்கவே முடியாதது என்று சொல்லப்பட்ட ஒன்றை ஒரு மனிதரின் சொல் ஓர் இரவு முழுக்க நிறுத்திவைத்திருந்தது. ஆகஸ்ட் 1 அன்று பெர்லினிலும் இப்படி ஒரு கணம் வந்தது. படையைக் கிழக்கே மட்டும் திருப்பலாமே என்று வில்ஹெல்ம் கேட்டபோது, பல்லாண்டு உழைப்பில் உருவான ரயில் திட்டத்தை மாற்ற இயலாது என்றார் தளபதி மோல்ட்கே. அந்தத் திட்டத்தை வகுத்தவர்களும் மனிதர்களே. எல்லாக் கதவுகளையும் தாமே அடைத்துவிட்டு, போக வழியில்லை என்று முறையிடுவது நியாயமாகாது.

தனிமனிதர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, கூட்டணிகளும் கடற்படைப் போட்டியும் ஒருவர்மீது ஒருவருக்கிருந்த அச்சமும்தான் போரைக் கொண்டுவந்தன என்று சிலர் மறுப்பார்கள். அவற்றின் பங்கு பெரிது. ஆனால் அதே கூட்டணிகளும் அதே அச்சமும் இருந்தபோதுதான் 1908-இன் போஸ்னிய நெருக்கடியும், 1911-இன் மொராக்கோ நெருக்கடியும், 1912-13-இன் பால்கன் போர்களும் வல்லரசுப் போராக மாறாமல் அடங்கின. வைக்கோற்போர் எவ்வளவு காய்ந்திருந்தாலும் தீ வைக்க ஒரு கை வேண்டும். போரை அடுக்கி வைத்தவருக்கும் பொறுப்புண்டு. அது தீ வைத்தவரை விடுவிக்காது.

பொறுப்பு எல்லோருக்கும் என்றால் எவருக்கும் இல்லை என்றாகிவிடாதா என்ற கேள்வியும் எழும். வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு முழுப் பொறுப்பையும் ஜெர்மனிமீதும் அதன் கூட்டாளிகள்மீதும் சுமத்தியது. அதற்கு எதிர்வினையாக, யாருமே குற்றவாளி இல்லை என்ற வாதம் வளர்ந்தது. இரண்டுமே தவறு. பழி, சொத்தைப்போல வாரிசுகள் கூடக்கூடப் பங்கு சுருங்குகிற பொருளன்று. செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தவரின் பழி வேறு, அவருக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தவரின் பழி வேறு, அவசரமாகப் படைதிரட்டியவரின் பழி வேறு. அளவில் வேறுபடலாம், ஒருவரின் பழி இன்னொருவருடையதைக் கழிப்பதில்லை. வல்லரசை ஆள்பவரின் முதல் அறம், மறுத்துச் சொல்லவும் பொறுத்திருக்கவும் தனக்கும் எதிரிக்கும் நேரம் மிஞ்சும்படி ஏற்பாடு செய்துவைப்பதே. பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் இரவு கிடைத்தது. அதை இன்னொரு நாள் நீட்டிக்கத்தான் யாரும் துணியவில்லை.