பெயரற்ற குரல்

1922இல் தொடங்கிய பிபிஸியில் அறிவிப்பாளருக்குப் பெயர் கிடையாது. பேசுவது இன்னார் என்று கேட்பவனுக்குத் தெரியக் கூடாது. மாலை ஒலிபரப்புக்கு டின்னர் ஜாக்கெட் அணிந்து வரவேண்டும். யார் கண்ணிலும் படப்போவதில்லை என்பது ஒரு பொருட்டல்ல. உச்சரிப்பைத் தீர்மானிக்க 1926இல் ஒரு குழு. அதன் தலைவர் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், அவருக்குப் பின் பெர்னார்ட் ஷா. மனிதனை அகற்றிவிட்டால் மிஞ்சுவது உண்மை என்ற நம்பிக்கை இதற்கெல்லாம் அடியில் இருந்திருக்க வேண்டும். வாஸ்தவத்தில் மிஞ்சியது ஒரு வர்க்கத்தின் தொண்டை. 1933இல் ஷீலா போரெட் அறிவிப்பாளரானதும் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. சில மாதங்களில் அவர் விலக்கப்பட்டார். 1941இல் வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் யார்க்‌ஷயர் வாடையோடு செய்தி படித்தபோது, இந்தக் குரலில் வந்தால் நம்ப முடியவில்லை என்றார்கள். பெயரற்ற குரலுக்குப் பாலும் ஊரும் அந்தஸ்தும் இருந்தன; பெயர் ஒன்றுதான் இல்லை.

அந்தப் பெயர் 1940இல் வந்தது. படிப்பவர் ஆல்வார் லிடெல் என்று அவரே சொன்னார். கௌரவத்திற்காக அல்ல. ஜெர்மானியர் போலிக் குரலில் புகுந்துவிடுவார்கள் என்ற பயம். ரூபாய் நோட்டில் கையெழுத்து மாதிரி. (‘செய்திகள் வாசிப்பது’ என்று கேட்டு வளர்ந்த நாம் பெயரை ஒரு அலங்காரமாகவே எடுத்துக்கொண்டோம்.)

அதே ஆண்டு அக்டோபர் 15, இரவு ஒன்பது மணிச் செய்தி. படித்துக்கொண்டிருந்தவர் ப்ரூஸ் பெல்ஃப்ரேஜ். கட்டிடத்தில் விழுந்து கிடந்த குண்டு அப்போது வெடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். சத்தம் ஒலிபரப்பிலேயே கேட்டது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு அதைப்பற்றி ஒரு சொல் இல்லாமல் அடுத்த வரியைப் படித்தார். இதை வீரம் என்று சொல்லி வருகிறார்கள். வீரம்தான். ஆனால் தன் பெயரைச் சொல்லி, என்னை நம்பு என்று தொடங்கிய குரல், தன் தலைக்குமேல் நடந்ததைச் சொல்லவில்லை.

படிப்பவனுக்கு வாசகத்தில் பொறுப்பு உண்டா? எழுதியது இன்னொருவன், நான் வெறும் குரல் என்று அவன் சொல்லலாமா?

எதிர்த் தரப்பில் வில்லியம் ஜாய்ஸ். ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குப் பேசியவன். ‘லார்ட் ஹா-ஹா’ என்ற பட்டத்தை 1939இல் ஒரு பத்திரிகைக்காரர் பெயர் தெரியாத குரலுக்கு வைத்தார். முதலில் அது வேறொருவன் குரல் என்பாரும் உண்டு. 1945 மே மாதம், ஃபிளென்ஸ்பர்க் அருகே ஒரு காட்டில், விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் ஜாய்ஸ் வலியப்போய்ப் பேசினான். சட்டைப்பையில் இருந்த காகிதங்களில் வேறு பெயர். குரலை வைத்துக் கண்டுகொண்டார்கள். ஆனால் குரலை வைத்துத் தூக்கிலிட முடியவில்லை. அவன் அமெரிக்காவில் பிறந்தவன். பொய் சொல்லி வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்று சட்டத்திற்குத் தேவைப்பட்டது. 1946 ஜனவரி 3இல் தூக்கு.

ஜாய்ஸ் தன் வாசகத்தைத் தானே எழுதியவன், லிடெலும் பெல்ஃப்ரேஜும் அப்படியல்ல என்று வித்தியாசம் காட்டலாம். இது எனக்குப் போதவில்லை. கேட்டவன் நம்பியது காகிதத்தை அல்ல. நிதானத்தை, ஒரு வார்த்தைக்குமுன் விட்ட இடைவெளியை. அவை படிப்பவனுடையவை. பெல்ஃப்ரேஜின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அன்றிரவு சொல்லாமல் விட்டதற்குத் தணிக்கை அதிகாரியை மட்டும் கேட்டுவிட்டு, அவரைக் கேட்காமல் விடுவது சரியென்று எனக்குப் படவில்லை.